பெரும்பாட்டுக்கு அசோகப் பட்டை: அடையாளம் பற்றிய ஒரு விசாரணை

காவிரியின் கிழக்குக் கரையில் பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையத்தில், விசைத்தறிக் கூடங்களில் தார் சுற்றியும் தறி ஓட்டியும் நின்றபடியே பொழுதைக் கழிக்கும் பெண்களுக்கு, மாதவிடாய் முற்றும் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் உதிரப்போக்கு மிகுவதாகிய உபாதை எத்துணைத் துன்பம் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சித்த வைத்தியம் பெரும்பாடு என்று வழங்கும் இவ்வுபாதைக்கு அசோகப் பட்டையை இடித்துப் பாலும் நீரும் கலந்து காய்ச்சிக் கொடுப்பது நம் நாட்டின் நெடுங்கால வழக்கம். அப்பட்டை குணம் தருவதா என்று வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் வாதிடுகின்றனர். அவ்வாதத்துக்கு முன்னர்த் தீர்க்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு என்பதும், அசோகப் பட்டை என்ற பெயரால் விற்கப்படுவது அசோகின் பட்டைதானா என்பதே அவ்வினா என்பதும், அதற்கு விடை காணாத வரையில் மருந்தைப் புகழ்வதும் இகழ்வதும் ஒருங்கே பயனற்றவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

சரக சம்ஹிதை அசோகை வேதனாஸ்தாபனம் என்னும் வர்க்கத்தில், வலியைத் தணிக்கும் பத்து ஔஷதங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பெண்களுக்கே உரிய மருந்து என்னும் பெரும்புகழ் அதற்குப் பிற்காலத்தில் வந்தது. இன்று புட்டிகளில் கிடைக்கும் அசோகாரிஷ்டத்தின் செய்முறை பைஷஜ்ய ரத்னாவளி என்னும் தொகுப்பு நூலில் காணப்படுவது. பட்டைக் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் கூட்டிப் புளிக்கவைப்பதால் அதில் சிறிதளவு சாராயச் சத்தும் தானே விளைகிறது.

உண்மையான அசோகு அவரையும் புளியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில், ஓடைக்கரையின் ஈரத்தையும் நிழலையும் நாடி மெல்ல வளர்வது. அதன் பூங்கொத்துகள் மஞ்சளாக மலர்ந்து நாளடைவில் செம்மையாக முதிரும். பண்டைத் தமிழர் பிண்டி என்றும் செயலை என்றும் பாடியதும், அருகக் கடவுள் அதன் கீழ் வீற்றிருப்பதாகச் சமணர் போற்றியதும் இவ்விருட்சமே. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வறண்ட சமவெளி அதற்கு இயல்பான நிலமாகாது. இங்கே கல்லூரி முகப்புகளிலும் சுற்றுச்சுவர்களின் ஓரங்களிலும் தூண் நிறுத்தினாற்போல் ஓங்கி நிற்பதும், பெரும்பாலோர் அசோக மரம் என்றே அழைப்பதும் நெட்டிலிங்கம். அது சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம். அசோகின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்தது. நெட்டிலிங்கத்தின் இலையோ ஒற்றையாய் நீண்டு, விளிம்பு அலையலையாய் நெளிந்தது. மரமாக நிற்கையில் குழந்தையும் இவ்விரண்டையும் வேறு பிரித்துவிடும். பட்டையாக உரித்து உலர்த்திவிட்டால் தேர்ந்த கண் வேண்டும். பொடியாக்கிவிட்டால் நுண்ணோக்கியோ இரசாயனப் பரிசோதனையோ இன்றி எவராலும் இயலாது.

இவ்விடத்தில்தான் மோசம் நுழைகிறது. அசோகின் பட்டைக்குத் தேவை மிகுதி, மரமோ குறைவு, பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. எளிதிற் கிடைப்பதும் பெயரால் ஒத்ததுமான நெட்டிலிங்கப் பட்டை அக்குறையை நிரப்புகிறது. சந்தைகளில் திரட்டிய பட்டைகளை மரபணு முறையால் சோதித்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவற்றுள் பெரும்பான்மையானவை அசோகே அல்ல என்று கண்டது. அசோகில் துவர்ப்புப் பொருள்களும் கேட்டகின் வகைகளும் மிகுதி. நெட்டிலிங்கத்திலோ ஆல்கலாய்டுகளும் டைடெர்பீன்களும் உள்ளன. ஆகவே இதனைத் தரம் குறைந்த அசோகு என்று சமாதானம் கூற இயலாது. நோயாளி அருந்துவது முற்றிலும் வேறு மருந்து.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் விளையும் பிளாக் கோஹோஷ் என்னும் மூலிகை, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடற்சூட்டுக்கும் வியர்வைக்கும் அங்கே பெரிதும் வழங்குவது. 1875-இல் லிடியா பிங்கம் என்ற பெண்மணி விற்பனைக்குக் கொண்டுவந்த கூட்டு மருந்தில் அதுவும் ஒரு சரக்கு. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அப்பெயரால் விற்கப்பட்ட 36 சரக்குகளைச் சோதித்தபோது, நான்கில் ஒரு பங்கில் இருந்தவை அதன் ஆசிய உறவினங்களாகிய பிற செடிகள். அதே ஆண்டில், 16 பரிசோதனைகளையும் அவற்றிற் பங்கேற்ற 2,027 பெண்களையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், அம்மூலிகையின் பயனை நிறுவவோ மறுக்கவோ போதிய பிரமாணம் இல்லை என்று முடித்தனர். அசோகைப் பற்றி அந்த அளவுக்கேனும் பெரிய பரிசோதனைகள் நடைபெறவில்லை என்பதை அதன் அபிமானிகள் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சட்டமும் இங்கே முழுத்துணை புரிவதில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில் 1964-இல் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தின்படி ஆயுர்வேத மருந்துகளையும் சித்த மருந்துகளையும் தயாரிப்பவர் உரிமம் பெறவேண்டும். விற்பவருக்கோ உரிமம் வேண்டுவதில்லை. கோணியில் வந்திறங்கும் பட்டையின் பிறப்பிடத்தைக் கேட்பார் எவருமில்லை.

பட்டை மெய்யானதே ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. உதிரம் மிகுவதற்குக் கருப்பை நார்க்கட்டியும், தைராய்டுக் கோளாறும், சில வேளைகளில் புற்றுநோயும் காரணமாகலாம். இவற்றைத் துவர்ப்பு மருந்து தீர்க்காது, அறிகுறியைச் சிறிது மறைத்துக் காலத்தைப் போக்கிவிடும். ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகமோதோவும் அவர் கணவரும் 1962-இல் வெளியிட்ட டிரானெக்ஸாமிக் அமிலம் இன்று பெரும்பாட்டுக்கு அளவும் அடையாளமும் உறுதியான மருந்தாக உள்ளது என்பதையும் நாட்டு வைத்தியத்தின் அன்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

சித்த வைத்தியர்களும் மருந்து தயாரிப்போரும், இலையும் பூவும் கொண்டு அடையாளம் உறுதி செய்யப்பட்ட மரத்தின் பட்டையன்றிப் பிறிதை வாங்குவதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். நீர் வளமுள்ள காவிரிக்கரைத் தோட்டங்களில் நிழல் தந்து அசோகை வளர்க்க முயலவேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், எந்தப் பட்டையையும் தேடாமல், பெண்கள் உடனே மருத்துவமனைக்குச் சென்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.