பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில்

கல்கத்தாவை ஒரே பகலில் பார்த்துவிட வேண்டும் என்று ஹௌரா ரயிலடியில் இறங்குகிற யாத்திரிகன், நட்டும் போல்ட்டுமின்றி ரிவெட்டுகளாலேயே கோக்கப்பட்டு 1943-ல் திறக்கப்பட்ட மாபெரும் பாலத்தை அண்ணாந்து பார்த்தபடியே ஹூக்ளியைக் கடந்து, 1814-ல் தோன்றிய காட்சிசாலைக்குள் பார்ஹுத் ஸ்தூபத்தின் சிவந்த கல்வேலியைச் சுற்றிவந்து, மாலையில் விக்டோரியா ராணியின் சலவைக்கல் மண்டபத்துக்கு எதிரே வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதே வழக்கம். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். அந்த மண்டபத்துக்கு அஸ்திவாரம் இட்டது 1906-ல். அது திறக்கப்பட்ட 1921-லோ, ராஜதானியை டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு தையற்காரன் கொண்டுவந்து கொடுத்த ஜானவாசக் கோட்டைப் போல அது நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாம் முறை போனபோது, டல்ஹௌசி சதுக்கத்துக்குத் தெற்கே, நடைபாதையில் குமாஸ்தாக்கள் நின்றபடியே லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் உண்ணும் சந்தடியைத் தாண்டி, செயிண்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். 1787-ல் திறக்கப்பட்ட இந்த ஆலயத்தை வங்காளிகள் 'பாதுரே கிர்ஜா', அதாவது கல் கோயில் என்றார்கள். கல்லால் கட்டிய கோயிலைக் கல் கோயில் என்பதில் என்ன விசேஷம் என்று தமிழன் கேட்பான். வங்காளத்தின் அந்தப் பாகமோ நதிகள் கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி. தோண்டத் தோண்டச் சேறுதான். அங்கே செங்கல் சர்வசாதாரணம், கல்லோ வெளியிலிருந்து வரவேண்டிய அபூர்வ வஸ்து. இந்த ஆலயத்துக்கே கௌட நகரத்தின் இடிபாடுகளிலிருந்துதான் கல் வந்தது.

ஆலயத்தின் முற்றத்தில், முகலாயப் பாணியைத் தழுவிய எண்கோண வடிவில், வெள்ளை பூசிய சிறு சமாதி ஒன்று இருக்கிறது. 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி சுதாநுடிக் கரையில் இறங்கிய கம்பெனி ஊழியன் ஜாப் சார்னோக்கிற்கு அவன் மருமகன் சார்லஸ் அயர் கட்டுவித்தது. உள்ளே லத்தீனில் பொறித்த கருங்கல் பலகை, அவன் இறந்தது 1692 ஜனவரி என்கிறது. அக்கால ஆங்கிலேயருக்கு வருஷம் மார்ச்சில் பிறந்தபடியால், நம் கணக்குக்கு அது 1693. நான் குனிந்து பார்த்தது எழுத்தை அல்ல, கல்லை. நம் ஊர் வாசற்படிகளில் பார்த்துப் பழகிய அதே கருமை! விசாரித்தால், அது சென்னைக்கு அடுத்த பல்லாவரத்துக் குன்றில் வெட்டியெடுத்த கல்லேதான். வங்காளத்தை விட்டு விலக நேர்ந்தபோது சார்னோக் தங்கியிருந்ததும் சென்னையில்தான். அவனுக்கு இந்நாட்டுப் பெண்ணிடம் பிறந்த மூன்று புதல்விகளுக்கு 1689-ல் ஞானஸ்நானம் நடந்தது ஜார்ஜ் கோட்டையின் செயிண்ட் மேரீஸ் ஆலயத்தில். அந்தப் பெண்ணைச் சிதையிலிருந்து அவன் மீட்டுவந்தான் என்பது கதை, கதையாகவே இருக்கட்டும்.

நகரத்தை ஸ்தாபித்தவன் என்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவன் கொண்டாடப்பட்டான். 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்தப் பட்டத்தைப் பறித்தது, நியாயமே. சுதாநுடி, களிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களும் அவன் வருவதற்கு முன்பே இருந்தவை. சுதாநுடியின் பெயரிலேயே நூல் கண்டு இருக்கிறது. அவற்றின் உரிமையைக் கம்பெனியார் 1,300 ரூபாய்க்குப் பெற்றதும் 1698-ல்தான், சார்னோக் மண்ணுக்குள் போய் ஐந்து வருஷம் கழித்து.

பட்டம் போனாலும் பெயர் போகவில்லை. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893-ல் இந்தப் பாறை வகைக்கு 'சார்னோக்கைட்' என்று நாமகரணம் செய்துவிட்டார். உலகத்தில் எந்தக் கண்டத்தில் இந்தப் பாறை அகப்பட்டாலும் அதற்கு இன்று அதுவே பெயர். அதைப் பார்க்கவென்று யாரும் கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டியதில்லை. தாம்பரம் போகிற மின்ரயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினால் போதும்.