முதியோர் இல்லம் தரமானதா? சேர்ப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்ன?

ஆரணியில் தறிக்குழியில் கால் விட்டே ஆயுசைக் கழித்த அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, பிள்ளைக்கு வேலை சென்னையில் என்றால், முதியோர் இல்லம் பற்றிய பேச்சு வீட்டில் வந்துவிடும். கட்டடம், கட்டணம் இரண்டையும் பார்த்துச் சேர்ப்பவர்களே அதிகம். அது போதாது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2021 டிசம்பரில் சேர்க்கப்பட்ட முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. 2023 பிப்ரவரியில் நடந்த ஆய்வில்தான், ஆசிரமம் உரிமம் இல்லாமல் இயங்கியது வெளியே வந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

எனவே முதல் கேள்வி, பதிவு இருக்கிறதா என்பது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சான்றிதழ் இருந்தாலும், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பாருங்க. ராத்திரி எத்தனை பேர் பணியில் இருப்பார்கள்? படுத்த படுக்கையாக இருப்பவரை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். கழிவறையில் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி உண்டா? தறியில் உட்கார்ந்து தேய்ந்த முழங்காலுக்கு இது ரொம்ப முக்கியம். மாத்திரை கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதுகிறார்களா? அங்கிருப்பவரிடம் ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேச விடுகிறார்களா? விடவில்லை என்றால் அந்த இல்லம் வேண்டாம்.

சேர்த்த பிறகு சந்தேகம் வந்தால், முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம். கட்டணம் இல்லை.