15 பாகம் ஓடிய டார்சான்... இன்று ஒரு ரீல்கூட இல்லை

டார்சான் என்றதும் உங்கள் மனத்தில் என்ன காட்சி வருகிறது? கொடியைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் பாயும் ஆள்தானே?

அந்தப் பாய்ச்சலைத் திரையில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் மெரில். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். 1928இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'டார்சான் தி மைட்டி'யில் அவர்தான் நாயகன்.

அதை இப்போ பார்க்கலாம் என்று தேடினால் கிடைக்காது. யூடியூப்பை விடுங்கள், திரைப்படக் காப்பகங்களிலும் அதன் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை.

தொடர்படம் என்றால்?

நாம் பார்க்கும் வெப் சீரிஸ் மாதிரிதான். ஆனால் வீட்டில் அல்ல, தியேட்டரில். வாரம் ஒரு பாகம், பெரும்பாலும் 20 நிமிடம். முடியும் நேரத்தில் யாராவது உயிர்போகும் ஆபத்தில் மாட்டியிருப்பார்கள். தப்பித்தார்களா என்று தெரியணுமா? அடுத்த வாரம் மறுபடி டிக்கெட் வாங்கணும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாப் பாகத்தையும் பார்த்து முடிக்கிற வேலையெல்லாம் நடக்காது!

இதில் மேரி டிரெவர் என்ற பெண்ணும் அவள் தம்பியும் ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்குகிறார்கள். அங்கே கடற்கொள்ளையர் வம்சத்தவர் வாழும் ஒரு கிராமம். அதன் தலைவன் பிளாக் ஜான் மேரிமீது கண் வைக்கிறான். காப்பாற்ற வருகிறார் டார்சான். எட்கர் ரைஸ் பரோஸின் புத்தகத்தைத் தழுவியது என்றார்கள்; அது பேருக்குத்தான்.

முதலில் நாயகனாகத் தேர்வானவர் ஜோ பொனோமோ. அவருக்குக் காயம்பட, வாய்ப்பு மெரிலுக்கு வந்தது. 12 பாகமாகத் திட்டமிட்ட தொடர் வரவேற்பைப் பார்த்து 15 ஆக நீண்டது. அவ்வளவு பேர் பார்த்த ஒன்று எப்படிக் காணாமல்போகும்?

எரியும் ஃபிலிம்

அந்தக் காலப் படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் பதிவானவை. சட்டென்று தீப்பற்றும். பற்றினால் அணைப்பது கஷ்டம். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். நம் ஊர் மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆனால் பழியை முழுக்க ஃபிலிம்மீது போட முடியாது. பேசும் படம் வந்ததும் மௌனப் படத்தால் காசு இல்லை என்றாகிவிட்டது. ஃபிலிமில் இருந்த வெள்ளிக்காகவே பல பிரதிகளைக் கரைத்தார்கள். யுனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் படங்களை 1948இல் தானே அழித்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு இன்று இல்லை.

அப்போ கதை எப்படித் தெரிகிறது? சுவரொட்டிகள், விளம்பரங்கள், தியேட்டர்காரர்களுக்காக வந்த சினிமா இதழ்களின் கதைச்சுருக்கங்கள், சில புகைப்படங்கள். அவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒட்டுப்போடுகிறார்கள். மெரில் கொடியில் தொங்கும் படம் கிடைக்கலாம். அவர் எப்படிப் பாய்ந்தார் என்பதை அது காட்டாது.

ஆறுதலாக, அவர் அடுத்து நடித்த 'டார்சான் தி டைகர்' (1929) தப்பிப் பிழைத்திருக்கிறது. டார்சானின் கூவல் முதன்முதலில் ஒலித்தது அதில்தான். இன்று நாம் அறிந்த கூவல் இல்லை; அது 1932இல் ஜானி வைஸ்முல்லருடன் வந்தது.

இனி கிடைக்குமா?

1978இல் கனடாவின் டாசன் நகரில் கட்டடவேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, பழைய நீச்சல் குளத்தை மூடப் போட்டிருந்த 533 ரீல்கள் வெளிவந்தன. பனியில் உறைந்த நிலம் அரை நூற்றாண்டாக அவற்றைக் காத்திருந்தது. தொலைந்துபோனதாக நினைத்த பல படங்கள் அங்கே கிடைத்தன. 'டார்சான் தி மைட்டி' அந்தக் குவியலில் இல்லை.