இடமாற்றப்பட்ட யானை: வெற்றியை எங்கே நின்று அளப்பது?

2019 ஜனவரியில் கோவை தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தம்பி என்ற கொம்பனுக்கு மயக்க ஊசி போட்டு, கும்கிகளின் துணையோடு லாரியில் ஏற்றி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாள்களிலேயே அது காட்டைவிட்டு இறங்கியது. உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக்காடுகளில் சுற்றியதைப் பிப்ரவரி 15ஆம் நாள் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்ட மக்னா என்ற கொம்பில்லா ஆண் யானையையும் இதே ஆனைமலையில்தான் விட்டார்கள். அது கோவை மாநகரின் விளிம்புவரை நடந்தே வந்துவிட்டது. பிடித்த நாளோடு கணக்கை முடித்திருந்தால் இரண்டுமே வெற்றிதான்.

அந்தக் கணக்கை எந்த நாளில், எந்த ஊரில் நின்று முடிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. காட்டுயிர்ப் பாதுகாப்பில் ஒரு நடவடிக்கை பலன் தந்ததா என்பதைப் பெரும்பாலும் அதைச் செய்தவர்களின் அனுபவமே தீர்மானித்துவந்திருக்கிறது. இதைக் குறையாகச் சுட்டி, மருத்துவத்தில் ஒரு சிகிச்சையைச் சோதிப்பதுபோல் பாதுகாப்புச் செயல்களையும் சோதிக்க வேண்டும் என்று வில்லியம் சதர்லேண்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் எழுதினார்கள். அவர் தொடங்கி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தொகுப்புத் திட்டம், உலகெங்கும் நடந்த சோதனைகளைச் செயல்வாரியாகத் திரட்டி, பலனுள்ளது, பலன் தெரியாதது, தீங்கு செய்யக்கூடியது என்பன போன்ற வகைகளாகத் தரம்பிரிக்கிறது. இம்மூன்றுமே ஒரு வன அலுவலருக்குப் பயன்படும் விடைகள். நம் விவாதங்களில் அதிகம் காணாமல் போவது மூன்றாவது.

யானை இடமாற்றத்துக்கு அத்தகைய சோதனை நமக்குத் தொலைவில் நடக்கவில்லை. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு, பயிர்மேய்ந்ததற்காகப் பிடிக்கப்பட்ட 12 ஆண் யானைகளுக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை பூட்டி, 16 இடமாற்றங்களைப் பின்தொடர்ந்தது. முடிவுகள் 2012இல் வெளியாயின. சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில நெடுந்தூரம் அலைந்தன. சில புதிய இடத்தில் தங்கின. மோதல் ஓய்வதற்குப் பதில் பரவியது, கடுமையாகவும் ஆனது; யானைச் சாவும் கூடியது. மனிதருக்கும் யானைக்கும் ஒருசேரத் தோற்ற உத்தி என்று ஆய்வாளர்கள் ஒளிவின்றி எழுதினார்கள்.

இந்த ஆய்வின் வலிமை கழுத்துப்பட்டையில் இல்லை. இடமாற்றப்படாத வேறு 12 யானைகளையும் அவர்கள் கவனித்ததில் இருக்கிறது. ஆண் யானை இயல்பிலேயே அலையும் விலங்கு. விட்டுவந்த யானை அலைந்தது என்று மட்டும் சொன்னால், விடாமலிருந்தாலும் அலைந்திருக்குமே என்று எவரும் மறுக்கலாம். ஒப்பிட ஒரு குழு இருந்தால்தான் அந்த மறுப்புக்குப் பதில் உண்டு. இன்னொரு பொறியையும் ஒப்பீடு விலக்குகிறது. புகார் உச்சத்தில் இருக்கும்போதுதான் யானையைப் பிடிக்கிறோம். அறுவடை முடிந்தாலும், மதம் இறங்கினாலும் தொல்லை தானாகவே தணியும். புள்ளியியலார் இதைச் சராசரிக்கு மீள்தல் என்பார்கள். தணிந்ததன் பெருமை முழுவதும் மயக்க ஊசிக்குப் போய்விடுகிறது. (தொல்லை தருபவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு விவகாரம் தீர்ந்ததாகக் கோப்பை மூடும் பழக்கம் நம் அலுவலகங்களுக்குப் புதிதல்ல, ‘இடமாற்றம்’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுபோல் ஒலிக்கிறது.)

இதற்கு எதிர்ச்சான்றாக அரிக்கொம்பனைக் காட்டுவோர் உண்டு. 2023 ஏப்ரல் இறுதியில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை, மேகமலைப் பக்கமும் சுற்றிவிட்டு மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5இல் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறு பகுதியில் விட்டார்கள். அதன்பின் பெரும்பாலும் அந்த மலையிலேயே இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்துவிட்டுப் போனது. ஆகவே இடமாற்றம் பலித்தது என்கிறார்கள். முதல் விடுவிப்பு கம்பத்தில் முடிந்ததை மறந்தால்தான் அந்த வாதம் நிற்கும். இலங்கை ஆய்விலும் தங்கிவிட்ட யானைகள் உண்டு. சில தங்கும் என்பது அந்த ஆய்வே சொன்ன செய்தி. எது தங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதே சிக்கல். அரிக்கொம்பனை முதலில் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது அவ்வட்டார மக்கள் வீதிக்கு வந்து மறுத்தார்கள். எந்த ஆய்விதழையும் படிக்காமல் அவர்கள் எட்டிய முடிவு சரியானது.

அளவுகோல் நமக்குப் பிடித்தவற்றையும் அளக்க வேண்டும். வால்பாறையில் காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் உருவாக்கிய முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்: உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரி, செல்பேசிக் குறுஞ்செய்தி, யானை நடமாட்டத்தைக் காட்டும் சிவப்பு விளக்குகள். அங்கே உயிரிழப்பு குறைந்தது. ஆனால் ஒப்பிட இரண்டாவது வால்பாறை கிடையாது. ஆண்டுக்குச் சிலரே இறக்கும் இடத்தில் ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் வரும். கண்டிப்பாகப் பார்த்தால் இது இலங்கைச் சான்றைவிட மெலிந்தது. ஆயினும் இதை ஏற்கலாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிர்ப்பட்டதே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்பதை அவர்கள் முதலில் கண்டறிந்து, அந்த ஒரு கண்ணியையே அறுத்தார்கள். தவறிப்போனாலும் விளக்கு எவரையும் மிதிப்பதில்லை. எவ்வளவு சான்று வேண்டும் என்பது, நடவடிக்கை பிழைத்தால் விளையும் கேட்டைப் பொறுத்தது. யானையை லாரியில் ஏற்றுவதற்கு வேண்டிய சான்று, விளக்குக் கம்பம் நடுவதற்கு வேண்டியதைவிடப் பலமடங்கு அதிகம்.

வீட்டில் சாவு விழுந்தவர் ஒப்பீட்டுக் குழு அமையும்வரை காத்திருப்பாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இடமாற்றங்கள் எப்படியும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோதனைதான், குறிப்பேடு இல்லாத சோதனை. பிடித்த ஊரிலும் விட்ட ஊரிலும் பயிர்ச்சேதம், உயிரிழப்பு, யானையின் நிலை ஆகியவற்றை முன்பே வரையறுத்த காலம்வரை ஒரே படிவத்தில் பதிவுசெய்தால், பத்தாண்டில் தென்னிந்தியாவுக்கே உரிய விடை கிடைத்துவிடும். இலங்கையின் நிலவமைப்பு வேறு, மேற்குத் தொடர்ச்சி மலை வேறு என்ற மறுப்புக்கும் அப்போது பொருள் இருக்கும். இன்று கழுத்துப்பட்டையின் சமிக்ஞை, யானை எந்த ஊரை நெருங்குகிறது என்று பார்ப்பதற்கே பயன்படுகிறது. அரிக்கொம்பன் போன பிறகும் சின்னக்கானலில் சக்கக்கொம்பன் என்ற யானை இருந்தது; வேறு யானைகளும் இருந்தன. காலியான இடத்தை அவை எப்படி நிரப்பின என்பதைச் சொல்ல, அரிக்கொம்பனின் கழுத்திலிருந்த பட்டையால் முடியாது.