தாம்பரமும் "ஷால் - வில்" குழப்பமும்

"அப்பா தினமும் ஆறு மணிக்கு வருவார்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பல மாணவர்கள் "டெய்லி மை ஃபாதர் வில் கம்" என்பார்கள். ஆசிரியர் "கம்ஸ்" என்று திருத்துவார். ஏன் என்று சொல்ல நேரம் இருக்காது.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. "வருவார்" என்றால் நாளை வருவதும் ஆகும், வழக்கமாக வருவதும் ஆகும். ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்லப் பொதுவாக நிகழ்காலம்தான். பிரதிப்பெயரிலும் இதே கதை. "அவர்" ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆங்கிலத்தில் "ஹீ", "ஷீ" என்று பிரித்தே ஆகவேண்டும். அம்மாவை "அவங்க" என்று சொல்லிப் பழகிய பிள்ளை "தே" என்று சொல்வது மரியாதையால்தான்! "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் அங்கே ஒரே "வீ".

இனி வரலாற்றுக்கு வருவோம். 1931ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அதே 1930களில்தான் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் வந்தது. எதிர்காலத்துக்கு "ஐ", "வீ" உடன் "ஷால்", மற்றவற்றுடன் "வில்". வாக்குறுதி, கட்டளை என்றால் தலைகீழ். மாணவர்கள் உருப்போட்ட விதி இது. இதை எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ் என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர், 1653ல்! ஆங்கிலேயர்களே பேச்சில் இதைச் சரியாகப் பின்பற்றியதில்லை. நம் பிள்ளைகள் மட்டும் தேர்வுக்காகப் பின்பற்றினார்கள்.

1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளுக்குக் கட்டமைப்பு முறை வந்தது. ஆசிரியர் கதவருகே போய், "நான் கதவைத் திறக்கப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திறப்பார். "கோயிங் டு" கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதையும் வகுப்பே கோரஸாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கிவிட்டது.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு வேறு வழி பார்த்தார். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த அவரது "பெங்களூர் திட்டத்தில்" இலக்கணப் பாடமே கிடையாது. வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பொருளில் கவனம் இருந்தால் இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் வாதம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தாம்பரம் ரயில் நாளை 6 மணிக்குக் கிளம்பும் என்பதை ஆங்கிலத்தில் "லீவ்ஸ்" என்றாலே போதும். "ஷால்" வேண்டாம், "வில்" வேண்டாம். ஒரு கால அட்டவணை சொல்லித்தரக்கூடிய விஷயம்!

"வில் கம்" என்று சொல்லும் பிள்ளை முட்டாள் அல்ல. தமிழில் சரியாக யோசிக்கிறது, அவ்வளவுதான். அதைச் சிரித்து அடக்கினால் அடுத்த முறை அது வாயே திறக்காது. "தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் அப்படி" என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும், தைரியமாகப் பேசும்.