ஒரு சொல்லைத் தேடி

கைலாசபுரத்தில், என் வீட்டு மேசையில் தாமஸ் ஜெஃபர்சனின் தன்வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1774 மே மாதம். பாஸ்டன் துறைமுகத்தை மூடுமாறு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஜெஃபர்சன் உள்ளிட்ட வர்ஜீனியா சட்டமன்றத்தின் இளம் உறுப்பினர்கள் இங்கிலாந்துப் பியூரிட்டன்களின் பழைய ஆவணங்களைத் துழாவி, ஜூன் 1ஐ 'நோன்பு, தாழ்மை, பிரார்த்தனை' நாளாக அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுகிறார்கள். இரண்டே நாளில் ஆளுநர் டன்மோர் மன்றத்தையே கலைத்துவிட்டார்.

'தாழ்மை' என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. அதை நம் நாட்டுச் சேதி ஒன்றிலும் படித்த நினைவு.

முதலில் 1857க்குப் போனேன். இந்தியக் கிளர்ச்சியை முன்னிட்டு அக்டோபர் 7ஐ நோன்பு, தாழ்மை, பிரார்த்தனை நாளாக விக்டோரியா அரசி அறிவித்திருந்தார். லண்டன் படிக மாளிகையில் போதகர் ஸ்பர்ஜனின் பிரசங்கத்தைக் கேட்க 23,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஆனால் அது நம்மை ஆண்டவர்களின் நோன்பு. நான் தேடியது நம்மவர் நோன்பை.

அப்போதுதான் 1919 நினைவுக்கு வந்தது. சென்னையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்த காந்தி, விடியற்காலை அரைத்தூக்கத்தில் தோன்றிய யோசனையைச் 'சத்திய சோதனை'யில் சொல்கிறார்: பிரிட்டிஷ் அரசின் அடக்குமுறைச் சட்டமான ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஒரு நாள் எல்லா வேலையையும் நிறுத்தி, நோன்பும் பிரார்த்தனையுமாக இருப்பது. நோன்பு இருக்கிறது, பிரார்த்தனை இருக்கிறது. தாழ்மை இல்லை.

அது ஆண்டுகள் கழித்து எழுதிய நூல். அந்த நாட்களிலேயே எழுதியதைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய 1919ஆம் ஆண்டுக் கடிதங்களைப் புரட்டினேன். மார்ச் 23 அன்று சென்னையிலிருந்து பத்திரிகைகளுக்கு அனுப்பிய கடிதத்தில் அகப்பட்டது: ஏப்ரல் 6ஐத் தாழ்மைக்கும் பிரார்த்தனைக்கும் உரிய நாளாகக் கடைப்பிடிக்கலாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து 24 மணி நேர நோன்பு. உடல்நிலையோ சமயமோ தடுத்தால் விலக்கு. அந்த நோன்பு அரசை நெருக்குவதற்கான உண்ணாவிரதம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே விடுப்புப் பெற்ற பிறகே வேலையை நிறுத்தலாம். கிராமங்களிலும் கூட்டம் நடத்த வேண்டும்.

அரசியின் அறிவிப்புக்குப் பின்னால் அரசாணை இருந்தது; காந்தியின் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வேண்டுகோள் மட்டுமே. ஆனாலும் ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஆள்வோர் தம் குடிகளுக்கு விதித்துவந்த நோன்பு நாளை, அன்று குடிகளே தமக்கு விதித்துக்கொண்டார்கள். பின்னாளில் நினைவிலிருந்து எழுதிய நூலில் விடுபட்ட அந்தச் சொல், அன்று எழுதிய கடிதத்தில் அப்படியே இருக்கிறது.