பின்சக்கர பிரேக் பேட் மாற்றும் கருவிகள்

பின்சக்கர பிரேக் பேட் மாற்றும் கருவிகள் என்பவை, மகிழுந்துகளின் (கார்களின்) பின்சக்கர டிஸ்க் பிரேக்கில் தேய்ந்த பேடுகளை நீக்கிப் புதியவற்றைப் பொருத்தும்பொழுது, காலிபரின் பிஸ்டனை (ஆடுதண்டை) அதன் உருளைக்குள் திரும்பச் செலுத்துவதற்குப் பயன்படும் கருவிகள் ஆகும். முன்சக்கரங்களில் பிஸ்டனை நேராக அழுத்தினால் அது உள்ளே சென்றுவிடும். பின்சக்கரங்களில் எப்பொழுதும் அவ்வாறு இல்லை. அங்கு கைபிரேக் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே உரிய கருவி அமைகின்றது. தவறான கருவியைப் பயன்படுத்தினால் காலிபர் பழுதடையக்கூடும்.

பிஸ்டனைப் பின்செலுத்துவதன் தேவை

பேடுகள் தேயும்பொழுது பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே நகர்ந்து அந்த இடைவெளியை ஈடுசெய்கின்றது. புதிய பேடுகள் தடிமனானவை. எனவே பிஸ்டனை உள்ளே செலுத்தாமல் காலிபரை அதன் இடத்தில் மீண்டும் பொருத்த இயலாது.

கைபிரேக் அமைப்பு வகைகள்

காலிபருக்குள் அமைந்த கைபிரேக்: கைபிரேக் கம்பி காலிபரில் உள்ள நெம்புகோலை இழுக்கின்றது. அது உள்ளே உள்ள மரைத்தண்டின் வழியாகப் பிஸ்டனை வெளியே தள்ளுகின்றது. பேட் தேய்வதற்கு ஏற்பத் தானாகவே சரிசெய்துகொள்ளும் பகுதியும் இம்மரையில் உண்டு. இதனை நேராக அழுத்தினால் மரை இடம் கொடுக்காது. பிஸ்டனை அழுத்தியவாறே சுழற்ற வேண்டும். பலவந்தமாக அழுத்தினால் சரிசெய்யும் பகுதி சிதைந்து, பின்னர் சரிவில் நிறுத்திய வண்டியைக் கைபிரேக் தாங்காமல் போகலாம்.

டிஸ்க்கின் நடுவில் டிரம் கொண்ட அமைப்பு: கைபிரேக்கிற்கு டிஸ்க்கின் மையப்பகுதிக்குள் தனியாகச் சிறிய டிரம் பிரேக் இருக்கும். இங்கு பிஸ்டனுக்கும் கைபிரேக்கிற்கும் தொடர்பு இல்லை. பிஸ்டனை நேராக அழுத்தலாம்.

மின் கைபிரேக்: 2005 இல் வெளிவந்த வோக்ஸ்வாகன் பாசாட் போன்ற மகிழுந்துகளில் காலிபரின் பின்புறம் மின்னோடி (மோட்டார்) பொருத்தப்பட்டுள்ளது. முதலில் மின்னோடியின் தண்டைப் பராமரிப்பு நிலைக்குப் பின்வாங்கச் செய்தல் வேண்டும். இதற்கு வண்டியின் கணினியுடன் இணைக்கும் சோதனைக் கருவி தேவைப்படும். சில வண்டிகளில் கையேட்டில் உள்ள செய்முறையே போதுமானது. அதன் பின்னரே பிஸ்டனை நேராக அழுத்தலாம். இந்நிலைக்கு மாற்றாமல் வேலை செய்தால் மின்னோடி எதிர்பாராமல் இயங்கி விரல்கள் நசுங்கும் ஆபத்தும் உண்டு.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் மட்டும் உள்ள வண்டிகளில் பேடுகள் இல்லை. பிரேக் ஷூக்களே உள்ளன. அவற்றுக்கு இக்கருவிகள் பொருந்தா.

கருவிகள்

சி கிளாம்ப்: விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது. நேராக அழுத்த மட்டுமே பயன்படும்.

கனசதுரக் கருவி: ஆறு பக்கங்களிலும் வெவ்வேறு அமைப்பில் முனைகள் கொண்ட சிறு இரும்புக் கட்டி. 3/8 அங்குல ராட்செட் கைப்பிடியில் பொருத்திச் சுழற்றலாம். ஆனால் அழுத்தத்தைக் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பதால் இறுகிய பிஸ்டனில் வழுக்கிவிடும்.

பிஸ்டன் சுழற்றும் கருவித் தொகுதி: திருகுத்தண்டு, காலிபரில் ஊன்றி நிற்கும் தகடு, பல அளவுகளில் முனைத்தட்டுகள் ஆகியவற்றைக் கொண்டது. தண்டைத் திருகும்பொழுது அழுத்தமும் சுழற்சியும் ஒருங்கே கிடைக்கின்றன. முதல் வகை அமைப்பிற்கு இதுவே மிகவும் ஏற்றது.

தெரிவு செய்யும் முறை

முதலில் வாகனக் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். அடுத்து, காலிபரைக் கழற்றிப் பிஸ்டனின் முகப்பைக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டோ நான்கோ பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது பொதுவாகச் சுழற்ற வேண்டிய பிஸ்டன் ஆகும். அப்பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரத்திற்குப் பொருந்தும் முனைத்தட்டையே பயன்படுத்த வேண்டும்.

பெரும்பாலான பிஸ்டன்கள் வலஞ்சுழியாகத் திருகினால் உள்ளே செல்லும். சில வண்டிகளில் இடப்புறமும் வலப்புறமும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. அதனால் இரு திசைகளுக்கும் உரிய தண்டுகள் கொண்ட தொகுதியை வாங்குதல் நன்று. பிஸ்டன் சுழன்றும் உள்ளே செல்லவில்லை எனில் திசை தவறாகவோ அழுத்தம் குறைவாகவோ இருக்கலாம். தவறான திசையில் தொடர்ந்து திருகினால் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் எண்ணெய் கசியும். தூசி தடுக்கும் ரப்பர் உறை பிஸ்டனுடன் முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேடின் பின்புறம் சிறு முனை இருந்தால், அது பிஸ்டனின் பள்ளத்தில் அமருமாறு பிஸ்டனைத் திருப்பி நிறுத்த வேண்டும்.

பாதுகாப்பு

* கைபிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும்.
* பிஸ்டன் உள்ளே செல்லும்பொழுது பிரேக் எண்ணெய் கலனில் உயரும். அது வழிந்தால் வண்டியின் வண்ணப்பூச்சைக் கெடுக்கும்.
* கழற்றிய காலிபரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.
* பழைய பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். எனவே தூசியைக் காற்றால் ஊதக் கூடாது.
* திருகாணிகளைக் கையேட்டில் கூறிய அளவிற்கு டார்க் ரென்ச்சினால் இறுக்க வேண்டும்.
* வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன்னர், பிரேக் மிதியைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன் பேடைத் தொடாத நிலையில் முதல் மிதி வெறுமனே கீழே இறங்கும், வண்டி நிற்காது.

இவற்றையும் பார்க்க

* டிஸ்க் பிரேக்
* டிரம் பிரேக்
* கைபிரேக்